மூன்றாம் எண் இயந்திரம்

இயந்திரத்துக்கு என்னைவிட முன்பே
வேலை கிடைத்துவிட்டது.

மார்ச்சில் ஆலையை மூடினார்கள்.
பொத்னியா வளைகுடாவில் பனிக்கட்டி உருகியதும்
தலைக்கவசம் போட்ட அந்நியர்கள் வந்து
மூன்றாம் எண்ணைக் கழற்றினார்கள்.
ஒவ்வொரு உருளைக்கும் சாக்கட்டியில் எண் எழுதி,
குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி,
கப்பலேற்றினார்கள்.
துறைமுக வேலிக்கு இந்தப் பக்கம்
நானும் ரெய்யோவும்.
"அதற்கு வயது முப்பத்தெட்டு" என்றான் அவன்.
"யாராவது கேட்டார்களா பார்."

எனக்கு ஐம்பத்து மூன்று.
எல்லோரும் கேட்டார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்து மெர்வி
என் திறமைகளைச் சொல்லச் சொன்னாள்.
ஈரத்தாள் அறுபடப் போவதை
மூன்று விநாடி முன்பே
என் பாதங்கள் அறியும் என்றேன்.
அவள் தட்டச்சு செய்தாள்:
'குழுவாகப் பணியாற்றுவார்.'
பிறகு, கொஞ்சம் தயங்கி:
"மெதுவாகப் பேசுங்கள்,
பக்கத்து அறையில் கூட்டம் நடக்கிறது."

இருபத்தொன்பது வருடம்
இரைச்சலோடு மல்லுக்கட்டிய தொண்டை இது.
வீட்டில் உப்பைக் கேட்டால்
பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.
ஐரா பழகிவிட்டாள்.
நேர்காணல் செய்பவர்கள் பழகவில்லை.
நான் வணக்கம் சொன்னதுமே
நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

நாற்பத்தாறு விண்ணப்பம். ஒன்பது பதில்.
ஒன்பதும் மின்னஞ்சலில்.
காகிதத்துக்கு ஏன் தேவை குறைந்தது என்பது
அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
அந்த இருட்டில் ஒருநாள், ஐராவிடம்கூடச் சொல்லாமல்,
முதியோர் பராமரிப்பு வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

வகுப்பில் எல்லாம் பத்தொன்பது, இருபது.
உதட்டில் வளையம் மாட்டிய நேயாதான் என் ஜோடி.
அவள் என் ரத்த அழுத்தம் பார்த்தாள்,
"ஐயோ" என்றாள்,
மறுபடி பார்த்தாள்.
ரப்பர் பொம்மைக்குப் பல் துலக்கினேன்.
தாடை கையோடு வந்துவிட்டது.
படுக்கை விரிப்பதில் மட்டும் கொஞ்சம் இறுமாந்திருந்தேன்:
அகலமான வெள்ளை எதுவும்
எனக்குப் புதிதல்ல என்றேன்.
விரிப்பில் சுருக்கம் விழுந்தது.
நேயா ஒன்றும் சொல்லாமல் இழுத்துவிட்டாள்.

முதல் நாள், ஆறே முக்கால்,
நான்காம் அறை.
ஹில்யா, வயது தொண்ணூற்றொன்று.
காலை வணக்கம் என்றேன்.
நடைவழியில் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள்.
"கத்தாதே" என்று வரும், தெரியும்,
காத்திருந்தேன்.

அவள் கஞ்சிக் கரண்டியை வைத்துவிட்டு
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"இந்தக் கட்டடத்தில் நீ ஒருவன்தான் பேசுகிறாய்.
மற்றவர்கள் வாயை அசைக்கிறார்கள்."

வீண் வேலைக்குச் சொல்வார்களே,
செவிடர் காதில் ஊதிய சங்கு என்று,
அந்தச் சங்குக்கு இங்கே
மணிக்கூலி தருகிறார்கள்.

பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
இடுப்பு போய்விட்டது என்பதையும்.
குளிக்க வைக்கும் செவ்வாய்க்கிழமைகளில்
பழைய மாலுமி ஒருவர்
என்னை அறைவார், புதன்கிழமை மறந்துவிடுவார்.
நான் வியாழன்வரை மறப்பதில்லை.

போன மாதம் ரெய்யோ ஒரு படம் அனுப்பினான்.
ஏதோ வெயில் நாடு.
மூன்றாம் எண் ஓடிக்கொண்டிருக்கிறது,
பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள்.
பக்கத்தில் ஒரு பையன், காதில் ஒன்றும் மாட்டாமல்
சிரித்துக்கொண்டு நிற்கிறான்.
அவன் வீட்டு நாய்களை நினைத்துக்கொண்டேன்.

இரவுப்பணி. மணி மூன்று.
ஏழாம் அறை வாசலில்
காலணியைக் கழற்றிவிட்டு நிற்கிறேன்.
உள்ளே மூச்சு
இழை இழையாக வருகிறது.
பாதங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் அறை.